வரிசை சேரும் இடம்

மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி வந்து நின்றுகொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கலாமணியும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் துளியைப் பற்றி அல்ல, முதுகுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்துகொண்டிருந்த வெள்ளியங்கிரியைப் பற்றி. துளி விழுந்தால் கட்டை விழும், கட்டை விழுந்தால் அதற்கடுத்த கட்டை விழும், அப்புறம் என்ன, கோயமுத்தூரில் இருக்கிற இந்தப் பெரிய பொருட்காட்சிக் கூடத்தில் இத்தனை பேர் இத்தனை நாளாக முட்டி தேயத் தேய நிற்கவைத்த லட்சக்கணக்கான டொமினோக் கட்டைகளில் அவள் பங்காவது சடசடவென்று படுத்துவிடும். அதனால் கையிலிருந்த கட்டையை முதலில் டப்பாவில் போட்டாள், அப்புறம் கையை மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டி எதையோ எடுப்பவள்போல மெதுவாகத் தூக்கி, நெற்றியில் கட்டியிருந்த துண்டின் நுனியால் மூக்கை ஒற்றிக்கொண்டாள். மின்விசிறி கிடையாது, ஏசி கிடையாது, காற்று என்று ஒன்று வந்தாலே இங்கே கட்டைகள் படுத்துவிடும். சித்திரை மாசத்து மத்தியானம், மேலே தகரக் கூரை. சாயங்காலம் நடுவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் கட்டையை யாரோ ஒரு விரலால் தள்ளுவார்கள், கடைசிக் கட்டை வரை விழுந்து முடிந்தால் உலக சாதனை, நடுவில் நின்றுவிட்டால் வெறும் பிளாஸ்டிக். அதற்கு முன்னால் கூடத்தின் நடுவில் ஒரு வரிசை சேரவேண்டியிருந்தது. மேற்குச் சுவரிலிருந்து கலாமணி அடுக்கி வருகிறாள், கிழக்கே மேடையிலிருந்து வெள்ளியங்கிரி அடுக்கி வருகிறார். அடுக்குகிறவர்கள் அடுக்கியதைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நகர்வதுதான் வழக்கம், முன்னால் போனால் சொந்த முட்டியே எதிரி. ஆகையால் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நெருங்கினார்கள். நேற்று டீக்கேன் பக்கத்தில் நின்று அவர் கேட்டது மூன்றே வார்த்தை. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?" அவள் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றதைப் பார்த்துவிட்டு, அவரே, "நாளைக்கு நம்ம ரெண்டு பேர் வரிசையும் சேரும்ங்களா, அப்பச் சொன்னாப் போதுமுங்க. அவசரமில்லீங்க" என்றார். அவசரமில்லையாம். கெடுவும் வைத்துவிட்டு அவசரமில்லை என்று சொல்கிற மனிதரை என்ன செய்வது.

எடு, நிமிர்த்து, வை, விரலை எடு. ஒரு விரல் அகலம் விட்டு அடுத்தது. விரலை எடுக்கிற இடத்தில்தான் எல்லாப் பிழையும் நடக்கிறது, வைப்பது யாருக்கும் வரும், விடுவதுதான் வராது என்று பர்வீன் முதல் நாளே சொல்லியிருந்தாள். பர்வீன்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவி, முப்பது வயசுகூட இருக்காது, காலுறையோடு பூனை மாதிரி நடப்பாள், சத்தமாகப் பேசியதே கிடையாது, ஆனால் அவள் ஒரு விரலை உயர்த்தினால் கூடமே அப்படியே நிற்கும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு நிற்பாள். வளையல், கொலுசு, மெட்டி, மோதிரம், வாட்ச், ஆடுகிறது தொங்குகிறது எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், துப்பட்டா வெளியே கொடியில், தாலிக்கொடியைச் சட்டைக் கழுத்துக்குள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டுவிடவேண்டும். முதல் நாள் கலாமணி அந்தக் கூடைக்கு முன்னால் நின்று, போட ஒன்றுமில்லாமல் கையை விரித்துக் காட்டினாள். காட்டிவிட்டு உள்ளே வந்து பார்த்தால் யார் கையிலும் வளையல் இல்லை, யார் காலிலும் மெட்டி இல்லை, எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி மொட்டைக் கையோடு குனிந்து கிடக்கிறார்கள். யாருக்குப் புருஷன் இருக்கிறான், யாருக்கு இல்லை, யாருக்கு இனிமேல்தான் என்று எமனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தாற்போல இருந்தது, ஒன்பது வருஷமாகப் பூவைத் தாண்டிப் பூவைத் தாண்டி நடந்தவளுக்கு ஒரு மண்டபம் முழுக்கத் தன் இனமாக இருந்தது. வெள்ளியங்கிரி கேட்டது அதனால்தானோ என்னவோ. வெளியில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சுங்கடிச் சேலையையும் வெறும் நெற்றியையும் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார். நாத்தனார் மட்டும் இப்போது இந்தக் கோலத்தைப் பார்க்கவேண்டும், ட்ராக் பேன்ட், முட்டியில் கட்டிய பஞ்சுப் பட்டை, தலையில் துண்டு. களையெடுக்கப் போறயா கலா, என்பாள். ஆமாம் அண்ணி, களைதான். எடு, நிமிர்த்து, வை.

பின்னால் ஒரு கனைப்பு. அவர்தான். கட்டையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கனைப்பார், கையில் வைத்துக்கொண்டு கனைக்கமாட்டார், அவ்வளவு ஜாக்கிரதை. கணபதி ஏரியாவில் சின்ன மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், இந்தக் கட்டைகளில் பாதி அவர் பட்டறையில் வார்த்தவைதான். சப்ளை பண்ணிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. சில கட்டைகள் தானாகவே சாய்கின்றன என்று பர்வீன் போனில் சொல்லியிருக்கிறாள், என்ன சாய்கிறது பார்ப்போம் என்று வந்தவர், அடிப்பக்கத்தில் பிசிறு இருந்த கட்டைகளைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பொறுக்கி எடுத்து ஒரு பக்கம் குவித்தார், குவித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், கேட்டுவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கலாமணி கல்லூரி லேபில் வேலை பார்க்கிறவள், பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு அடுக்கியதற்குக் காவல் இருக்கப் போய் அடுக்கப் பழகிக்கொண்டவள். இரண்டு பேரும் வயசானவர்கள் என்று பிள்ளைகள் முதலில் பக்கத்துப் பக்கத்தில் வேலை கொடுத்தார்கள். மூன்று தங்கைகளையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்திருந்தது என்று ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர். அதில் சந்தேகமில்லை. செத்துப்போன புருஷன் சண்முகசுந்தரமும்தான் நல்ல மனிதர். அங்கேதான் அவள் நினைப்பு போய் முள்ளில் மாட்டின சேலை மாதிரி மாட்டிக்கொள்ளும், நேற்று டீ குடித்ததிலிருந்து மாட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் கட்டைவிரல். பிசிறு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கிற அந்தக் கட்டைவிரல்.

சண்முகசுந்தரம் திட்டமாட்டார். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான், அவள் செய்ததைத் திரும்பச் செய்வார். அவள் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவள் நிறுத்திய ஸ்கூட்டியை எடுத்து இன்னொரு முறை நிறுத்துவார், அதே இடத்தில், ஒரு சாண் தள்ளி. அவள் மடித்து வைத்த போர்வையை உதறிவிட்டு மடிப்பார். பீன்ஸ் நறுக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு துண்டும் இரண்டு துண்டாகியிருக்கும். ஏனுங்க என்றால், சும்மா, ஒரு ஒத்தாசைக்குத்தான், என்பார், முகத்தில் ஒரு கோபம் கிடையாது, கபடு கிடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது. அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள். "அடிச்சாரா? இல்ல. குடிச்சாரா? இல்ல. பீன்ஸ நறுக்கினாராமா, அதுக்கு மூக்கச் சிந்தறயா நீ? ஊருல சொல்லிப்போடாத, சிரிப்பாங்க" என்று அம்மா சிரித்தாள், அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வந்து, வீட்டுக்குள் நுழைந்து, அன்றைக்கு மட்டும் அரிசியைக் களையும்போது அழுதாள். அப்புறம் அழவில்லை. அப்புறம் எதையும் முழுசாகச் செய்யவில்லை, அவ்வளவுதான், எப்படியும் திரும்பச் செய்யப்போகிறார் என்று போர்வையைச் சுருட்டி வைத்தாள், ஸ்கூட்டியைக் குறுக்கே விட்டாள். கட்டிலில் அவர் கிடந்த கடைசி மாசத்தில் அவர் தலையணையை அவள் சரிசெய்ததை அவரால் திரும்பச் சரிசெய்ய முடியவில்லை, கண்ணால் மட்டும் பார்த்தார். அந்தப் பார்வை ஐயோ. அவள் அதை நினைக்க விரும்பவில்லை. இந்தக் கட்டையில் பிசிறு இருக்கிறதா என்று அவள் தன் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள், இல்லை, வை, விரலை எடு.

எங்கோ தென்பக்கம் ஒரு சத்தம். உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. இல்லை, யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். இந்தச் சத்தத்துக்கு எல்லோருக்கும் காது பழகிப்போய்விட்டது, ராத்திரி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி அரிசியைப் பாத்திரத்தில் கொட்டினால்கூடத் தூக்கிவாரிப்போடுகிறது. போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தியின் மூக்குக்கண்ணாடி வழுக்கி விழுந்தது. மழை வருகிற மாதிரிதான் ஆரம்பித்தது. சடசடவென்று ஓடி, வளைந்து, அவள் நாள் முழுக்க அடுக்கிய மயில் தோகையைத் தின்றுவிட்டு, கேப்பில் போய் நின்றது. கேப் என்று இங்கே சொல்வது வேண்டுமென்றே விட்டுவைக்கிற இடைவெளியை. வரிசையிலிருந்து சில கட்டைகளை எடுத்துவிட்டுப் போவார்கள், ஒரு பக்கம் விழுந்தாலும் மறு பக்கம் பிழைக்கட்டும் என்று. கடைசி நாள் கடைசி மணிநேரத்தில்தான் அவற்றை நிரப்புவார்கள். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலாமணிக்கு அந்தக் கேப் மிகவும் பிடித்துப்போயிற்று. மகன் கவின் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து தன் வீடே ஒரு கேப் என்று நினைத்துக்கொண்டாள், யார் எங்கே விழுந்தாலும் இவள் வரைக்கும் வராது. கட்டிலின் நடுவில் படுக்கலாம். தயிர்ச்சோற்றைச் சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிடலாம். விளக்கை அணைக்காமல் தூங்கிப்போகலாம். அங்கே இன்னொரு மனிதர் வந்து, அவர் செருப்பு, அவர் இருமல், அவர் ஷேவிங் கப், அவர் கட்டைவிரல். வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கனைப்புச் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று உடனே மனசு அடித்துக்கொண்டது. பார்த்தாயா, வேண்டாம் என்கிற முடிவு ஒரு கட்டை வைக்கிற நேரம்கூட நிற்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டது.

கவினிடம் சொல்லியாகவேண்டும். சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனில் குரலைக் கேட்டாலே தெரிந்துவிடுகிறது. "உனக்குப் பிடிச்சிருந்தா பண்ணிக்கோம்மா" என்பான். அவன் நல்ல பிள்ளை. பொங்கலுக்கு அவன் ரூமுக்குப் போயிருந்தாள், இரண்டு பையன்கள் குடியிருக்கிற ரூம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, பாவம், சமையல் மேடையில் மிளகாய்த்தூளும் துணி சோப்பும் ஒரே தட்டில். அவன் வேலைக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, டப்பாவுக்கு டப்பா பேர் ஒட்டி, அவன் சட்டைகளைப் பிரித்து மடித்து, வெங்காயக் கூடையை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றிவைத்தாள், அவன் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று. வந்தான், பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விடுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. களைப்பு. அந்தக் கம்பெனியில் பிள்ளைகளைச் சக்கையாகப் பிழிகிறார்கள். இடது கால் மரத்துவிட்டது. காலை நீட்டினால் வரிசை, மடக்கினால் முட்டி, இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். கல்யாணம் பண்ணிக்கொண்டால் அவர் வீட்டிலா இவள் வீட்டிலா. அவர் வீட்டுச் சமையல்கட்டைப் பார்த்ததில்லை. ஆண் ஒருத்தர் தனியாக இருக்கிற வீடு, எப்படி வைத்திருப்பாரோ, போனதும் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தவேண்டியிருக்கும். ஒருவேளை ரொம்ப ஒழுங்காக வைத்திருப்பாரோ. அதுதான் பயம். இவள் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள், அவர் வந்து அதை நிமிர்த்தி, தடவிப் பார்த்து, மறுபடி கவிழ்த்து வைப்பார். சும்மா, ஒத்தாசைக்குத்தானுங்க. அவள் அப்போதும் ஒன்றும் சொல்லமாட்டாள், அவளுக்குத் தன்னைத் தெரியும், ஒன்றும் சொல்லாமல் போர்வையைச் சுருட்டி வைக்க ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் ஒருநாள் அவர் சாவார், இல்லை இவள் சாவாள், அவ்வளவுதான் முடிந்தது ஒரு ஜென்மம்.

இப்போது அவருடைய கட்டைச் சத்தம் தனியாகக் கேட்டது. டைல்ஸ் மேல் பிளாஸ்டிக் படுகிற அந்தச் சின்னச் சத்தம், இவள் வைத்ததும் அவர் வைப்பார், அவர் வைத்ததும் இவள் வைப்பாள், பேசிவைத்துக்கொண்ட மாதிரி. அவர் முட்டி ஒரு தரம் சொடுக்கியது. சந்தன சோப்பு வாசனை, அதோடு வேர்வை, அதோடு பட்டறை எண்ணெய். தோளுக்குப் பின்னால் சூடு தெரிந்தது. கலாமணி வேலையைத் தாமதப்படுத்த ஆரம்பித்தாள், ஒவ்வொரு கட்டையையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நிறம் சரிதானா, பச்சைக்கு அடுத்து மஞ்சள்தானா, மஞ்சள்தான், தெரியும், இருந்தாலும் பார்த்தாள். சுற்றிலும் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பலகைப் பாதையில் பூனைநடை நடந்து சுவரோரம் போய்க்கொண்டிருந்தார்கள். அவரவர் கேப்பை நிரப்பியாயிற்று. இந்த வரிசை ஒன்றுதான் பாக்கி. கூரையிலிருந்து தொங்குகிற விளக்குகளுக்கடியில் இத்தனை நிறமும் நிமிர்ந்து நிற்கிறது, நடுவில் இரண்டு முதுகுகள். வேண்டாம் என்றே சொல்லிவிடுவோம். நல்லபடியாகச் சொல்லுவோம், நோகாமல், நீங்க நல்லவருங்க, நான்தான் பழகிட்டேனுங்க தனியா. அதுதான் சரி. அவள் அந்த வாக்கியத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது, இன்னொரு முறை திருத்திச் சொல்லிப் பார்த்தாள்.

"திரும்பலாமுங்களா?" என்றார் பின்னாலிருந்து.

இருவரும் ஒரே நேரத்தில், கைகளைத் தரையில் ஊன்றி, பிட்டத்தால் நகர்ந்து, வரிசைக்கு ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு முழம் இடம். கலாமணி குனிந்து பார்த்தாள். வரிசை சேரவில்லை. இவள் வரிசை ஒரு பக்கம் வந்து நிற்கிறது, அவர் வரிசை அதற்கு நேராக வராமல் நாலு விரல் தள்ளிப் போய் நிற்கிறது, ஒரே தெருவில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்துபோகிற மாதிரி. நான்தான், என்று உடனே நினைத்தாள். நினைப்பு எங்கெங்கோ போனது, கை கோணிவிட்டது, எல்லாம் போச்சு, இத்தனை பேர் வேலையும். கண்ணைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். டைல்ஸ் இணைப்பின் மேலேயே போகவேண்டும் என்பதுதான் கணக்கு. அவள் வரிசை இணைப்பின் மேல் நூல் பிடித்தாற்போல நின்றது. அவருடையதுதான் விலகியிருந்தது. சற்றுத் தள்ளித் தரையில் ஒரு இரும்பு மூடி பதித்திருந்தார்கள், வயர் இழுக்கிற பள்ளத்துக்கு. அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து வந்தவர், வளைவு முடிந்ததும் இணைப்பைப் பார்க்காமல் தான் அடுக்கியதையே பார்த்து அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுக்குகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் செய்கிற தப்புதான், தன் வரிசையே தனக்கு நேராகத் தெரியும். அப்பாடா, என்றது மனசு, நான் இல்லை. அந்த ஆறுதலில் அவள் உடம்பு லேசாயிற்று, லேசான கை தானாகப் போயிற்று. அவர் வரிசையின் கடைசிக் கட்டையை இரண்டு விரலால் எடுத்து இணைப்பின்மேல் வைத்தாள். அதற்கு முந்தினதை எடுத்தாள், வைத்தாள். அதற்கும் முந்தினது. என்ன சுலபம், அவர் கனைத்துமுடிப்பதற்குள் முடித்துவிடலாம், பர்வீனுக்குத் தெரியவே வேண்டாம், அவருக்கும் சங்கடமில்லை, பாவம்.

"கலாமணி."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் ஏனுங்கதான்.

"கையை எடுங்க."

சத்தமே இல்லை அந்தக் குரலில். அவள் விரல் கட்டைமேல் அப்படியே நின்றது.

"அது என்ர வரிசைங்க. தப்பும் என்னுதுதான். நானே பண்ணிக்கறனுங்க."

"இல்லீங்க, நான் சும்மா... ஒரு ஒத்தாசைக்குத்தான்..."

"தெரியுதுங்க. நான் கேக்கலீங்களே."

அவள் விரலை எடுத்தாள். கட்டை நின்றது. ஒத்தாசைக்குத்தான் என்று தன் வாயிலிருந்து வந்த சொல் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது, அது அவள் குரல்தான், ஆனால் சொன்ன விதம் அவளுடையதில்லை, அது சண்முகசுந்தரம் சொல்கிற விதம், அதே தணிவு, அதே கபடில்லாமை, பீன்ஸை நறுக்கிவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்வாரே அது. அவளுக்குக் காது மடல் சுட்டது. நான் எப்போது. நானா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசாமல் ஸ்கூட்டர் ஓட்டிய கவினின் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, களைப்பில்லை அது, களைப்பே இல்லை, அந்தப் பிள்ளை தன் சட்டையைத் தானே மடித்து வைத்திருந்தான், அவன் மடித்தது அவனுக்குப் போதுமாக இருந்தது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை, வெங்காயக் கூடையை நகர்த்தினாள், இதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான். கட்டைவிரல் கட்டைவிரல் என்று வெள்ளியங்கிரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளே, தன் கை எங்கே போகிறது என்று ஒருநாளாவது பார்த்தாளா. வெட்கம் என்றால் இப்படி அப்படி வெட்கமில்லை, தரை பிளந்தால் அந்த இரும்பு மூடிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. இங்கே அழக்கூடாது, தோள் குலுங்கினால் எல்லாம் போய்விடும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"கோவமுங்களா?" என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று உள்ளே பார்த்த மாதிரி இருந்தது. "இருந்துச்சுங்க, கொஞ்சம். கையை எடுங்கன்னு சொன்னனுங்கள்ல, போயிருச்சு."

போயிருச்சாம். அவ்வளவுதானா. இரண்டு வார்த்தை, கையை எடுங்க. அவள் கல்யாணமான நாளிலிருந்து சண்முகசுந்தரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற நாள்வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பீன்ஸ் முன்னாலோ போர்வை முன்னாலோ ஸ்கூட்டி முன்னாலோ நின்றுகொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பாரோ என்னவோ. அவர் கெட்டவர் இல்லையே, தன் கை எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். யாரும் சொல்லாமலே போய்ச்சேர்ந்துவிட்டார் பாவம். அவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் இத்தனை வருஷம் கழித்து இப்போது முட்டி வலியோடு சேர்ந்து கொஞ்சம் இறங்கிக்கொடுத்தது, கோபம் இறங்கிய இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது, அது பரவாயில்லை, துக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிமிர்ந்து உட்காரலாம்.

"நான் இப்படித்தானுங்க" என்றாள். நோகாமல் சொல்லத் தயார்செய்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "எதைப் பார்த்தாலும் கை போயிருது. இப்பத்தான் எனக்கே தெரியுது. உங்க வீட்டுக்கு வந்தாலும் போகும். டப்பாவெல்லாம் மாத்தி வெப்பேன்."

"வெச்சீங்கன்னா சொல்றனுங்க."

"தெனமும் சொல்லவேண்டி வருமுங்க."

"தெனமும் சொன்னாப் போச்சு. எனக்கும் பிசிறு பொறுக்கற புத்தி இருக்குதுங்க, பட்டறைக்காரன். நீங்களும் சொல்லோணும். வாய மூடிட்டு இருந்துட்டு, அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சொல்றனுங்க" என்றாள் கலாமணி. பிறகு, அவர் கேட்காமலே, அவர் முகத்தைப் பார்த்து, "நேத்து கேட்டீங்களே. கல்யாணம். சரீங்க. பண்ணிக்கலாமுங்க" என்றாள்.

தப்பாக நின்றதைச் சரிசெய்ய ஒரு கட்டையை எடுக்கப் போயிருந்த அவர் கை பாதி வழியில் நின்றது, அந்தக் கை நடுங்கியது. அவர் அதை அவசரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, இன்னொரு கையையும் இழுத்து, இரண்டையும் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டார், குளிரில் நிற்கிற ஆள் மாதிரி, இந்த வேர்வையில். "ஒரு நிமிசம் பொறுத்துக்குங்க" என்றார். "இப்ப கை வெச்சன்னா எல்லாம் போயிரும்." கண்ணைத் துடைக்கவும் கை இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கூடத்தின் ஓரத்தில் பர்வீன் எழுந்து நின்று, என்ன ஆயிற்று என்று தூரத்திலிருந்தே தலையை ஆட்டிக் கேட்டாள், அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் சுவரோடு சுவராக நின்று இந்த ஒரு முழ இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை, இருங்கள், என்று கலாமணி தலையை ஆட்டினாள். அவருடைய கோணல் வரிசை அவள் கை எட்டுகிற தூரத்தில் நின்றது, நாலு விரல் தள்ளி, பச்சைக்கு அடுத்து மஞ்சள். விரல்கள் துறுதுறுத்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது, அவர் கை நடுக்கம் அடங்குகிற வழியாக இல்லை. கலாமணி தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் செருகி, அவற்றின்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.